பாடசாலையிலிருந்து வந்த துண்டு

பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்கும் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் எத்தனை ஆயத்தங்கள் நடைபெறுகின்றன! வெள்ளைச் சீருடை தைப்பிக்கிறோம்; சப்பாத்து வாங்குகிறோம்; அப்பியாசக் கொப்பிகளுக்கு உறை போடுகிறோம்; எந்த ஆசிரியர் கணிதம் நன்றாகப் படிப்பிப்பார் என்று நாலு வீட்டில் விசாரிக்கிறோம். இவ்வளவையும் சுமந்துகொண்டு போகப்போகும் அந்தச் சிறிய உடல் எப்படியிருக்கிறது, அதன் கண் தெளிவாகப் பார்க்கிறதா, காது சரியாகக் கேட்கிறதா, இரத்தம் போதிய அளவு இருக்கிறதா என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டுமென்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆயினும் நம் இல்லங்களிற் சித்திரத்தைப் பற்றிய பேச்சு விடிந்தது முதல் இரவு வரை நடக்கிறது. சுவரைப் பற்றிய பேச்சோ காய்ச்சல் வந்த அன்றைக்கு மட்டுமே எழுகிறது.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவள். குடியிருப்பது வெள்ளவத்தையில், படிப்பித்தது கொட்டாஞ்சேனையில். காலையில் வெள்ளவத்தையிற் புகையிரதம் ஏறிக் கோட்டையில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸிற் செல்வேன். ஒரே நகரத்தின் இரு முனைகள் அவை. ஒரு முனையில், மாடிக்கு மேல் மாடியாக எழுந்து நிற்கும் வீடுகளும், ஒவ்வொரு தெருவிலும் இரண்டு மூன்று ரியூஷன் வகுப்புகளும். மறு முனையில், துறைமுகத்தை அண்டிய பழைய ஒழுங்கைகளும், ஓர் அறைக்குள்ளே மூன்று தலைமுறை படுத்தெழும்பும் குடும்பங்களும். ஒரு முனையிலே பிள்ளை அதிகமாக உண்கிறது. மறு முனையிலே குறைவாக உண்கிறது. இரண்டையும் நாள்தோறும் கண்ணாற் கண்ட எனக்கு ஓர் உண்மை மெல்ல மெல்லப் புலப்பட்டது. பிள்ளைகளின் நலத்துக்கென்று நாட்டில் வகுக்கப்பட்டிருக்கும் விதிகள் தரங்குறைந்தவை அல்ல. அவை பாடசாலை வாசல் வரைக்கும் நன்றாகவே வருகின்றன. வாசலைத் தாண்டி வீட்டுக்குள் நுழையும் இடத்திலேதான் அறுந்து போகின்றன.

அரசினர் செய்திருக்கும் ஏற்பாடு பலர் நினைப்பதைவிட விரிவானது. 1 ஆம், 4 ஆம், 7 ஆம், 10 ஆம் தரங்களிற் கற்கும் பிள்ளைகளைச் சுகாதார வைத்திய அதிகாரி பாடசாலைக்கே வந்து பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. மாணவர் தொகை 200 க்குக் குறைந்த சிறிய பாடசாலையானால் எல்லாப் பிள்ளைகளையும் பார்க்க வேண்டும். கொழும்பு நகரிலே இப்பணி மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களத்தைச் சேர்ந்தது. உயரம் அளக்கிறார்கள், நிறை பார்க்கிறார்கள், 6 மீற்றர் தூரத்தில் எழுத்துப் பலகையை மாட்டி ஒவ்வொரு கண்ணாகப் பரிசோதிக்கிறார்கள், பல், தொண்டை, தோல், இருதயம் எல்லாம் பார்க்கிறார்கள். பூச்சி மருந்தும் இரும்புச் சத்து மாத்திரையும் கொடுக்கும் திட்டங்கள் உண்டு. தடுப்பூசி உண்டு. பெண் பிள்ளைகளுக்குப் பிற்காலத்திற் கருப்பைக் கழுத்திலே உண்டாகக்கூடிய புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை 2017 முதல் 6 ஆம் தரத்திற் கொடுத்து வருகிறார்கள். இவை அனைத்தும் ஒரு சதமும் வாங்காமற் செய்யப்படுகின்றன.

பரிசோதனையில் ஏதாவது குறை காணப்பட்டால் அந்தப் பிள்ளையின் கையில் ஒரு துண்டு கொடுக்கப்படும். அதைக் கடிதம் என்றும் சொல்ல முடியாது. உள்ளங்கை அகலத்தில் ஒரு காகிதம். அதிலே பிள்ளையின் பெயர், எந்த வைத்தியசாலையின் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு, வைத்தியரின் கையொப்பம். இத்துண்டுக்குத் தன்னந்தனியாக ஒரு பயணம் இருக்கிறது. வைத்தியர் கையிலிருந்து பிள்ளையின் கைக்கு, பிள்ளையின் கையிலிருந்து புத்தகப் பைக்கு, பையிலிருந்து தாயின் கைக்கு, அங்கிருந்து வைத்தியசாலைக்கு, பிறகு பதிலோடு வகுப்பாசிரியருக்கு. இந்தப் பயணம் முடிவடைந்தாலன்றி முன்னே செய்த பரிசோதனையெல்லாம் வெறும் கணக்கெடுப்பே.

கொட்டாஞ்சேனையில் எனக்குக் கிடைத்த ஓர் அனுபவத்தைச் சொன்னால் இது விளங்கும். அந்தச் சிறுமியின் பெயர் இங்கு வேண்டாம். ஆண்டுத் தொடக்கத்தில் 7 ஆம் தர வகுப்பொன்றை என்னிடம் ஒப்படைத்தபோது, "அது கொஞ்சம் மந்தம்" என்ற குறிப்போடு அவளும் வந்து சேர்ந்தாள். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுவாள். அதற்காகப் பலரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறாள். அந்த மாதமே வைத்திய பரிசோதனை நடந்தது. எழுத்துப் பலகையின் மேல் வரியிலிருந்த பெரிய எழுத்தைத் தவிர வேறொன்றையும் அவளால் வாசிக்க முடியவில்லை. கண் வைத்தியசாலைக்குப் போகும்படி துண்டு எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டு வாரம் சென்றது. மூன்று வாரம் சென்றது. "வீட்டிற் கொடுத்தாயா?" என்றால் தலையை ஆட்டுவாள். "என்ன சொன்னார்கள்?" என்றால் நிலத்தைப் பார்ப்பாள். ஒரு நாள் பாடசாலை விட்ட பின் அவளோடு நானே புறப்பட்டேன். ஜம்பட்டா வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கை. தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். தகப்பனார் புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவர். வீட்டை நடத்தியவர் பாட்டியார்; இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து வந்தார். என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணீர் தந்துவிட்டு, சுவாமி படத்தின் பின்னாலிருந்து அந்தத் துண்டைப் பத்திரமாக எடுத்துக் காட்டினார். தொலைக்கவில்லை; எறிந்துவிடவும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்ததால் அவருக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை. ஆயினும் விஷயம் என்னவென்று பேத்தி சொல்லியிருந்தாள்.

"இவ கண்ணுல ஒரு கொறையும் இல்ல டீச்சர். எனக்கு ஊசியில நூல் கோத்துக் குடுக்கிறதே இவதான். அரிசியில ஒரு கல்லு தப்பாது. படிக்கச் சோம்பல்பட்டுக்கிட்டு கண்ணு தெரியலன்னு சொல்றா" என்றார். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, தாழ்ந்த குரலில், "கண்ணாடி போட்ட பொம்பளப் புள்ளைய நாளைக்கு யாரு டீச்சர் கட்டிக்குவாங்க?" என்று கேட்டார்.

அந்த அம்மையாரை அறியாதவர் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ஊசியில் நூல் கோக்கிற கண் எப்படிக் குறையுள்ள கண்ணாகும்? கிட்டப் பார்வையின் இயல்பே அதுதான். அத்தகைய கண்ணிலே விழிக்கோளம் முன்பின்னாகச் சற்று நீண்டிருக்கும். தூரத்திலுள்ள பொருளின் பிம்பம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே விழுந்துவிடும். ஆகையால் கைக்கெட்டும் தூரத்திலுள்ளது கூர்மையாகத் தெரியும். கரும்பலகை மங்கலாகத் தெரியும். வீட்டிலே சூரியாகவும் வகுப்பிலே மந்தமாகவும் ஒரே பிள்ளை பெயர் வாங்குவது இவ்வாறுதான்.

நான் வாதாடவில்லை. இருவரையும் வாசற்படிக்கு அழைத்துச் சென்று, ஒழுங்கை முனையிலிருந்த கடையின் பெயர்ப் பலகையை வாசிக்கச் சொன்னேன். பாட்டியார் எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாக வாசித்துவிட்டார். பேத்தி கண்ணை இடுக்கிப் பார்த்து, "போர்ட் இருக்கிறது தெரியுது, என்ன எழுதியிருக்குன்னு தெரியல" என்றாள். அறுபது வயதைத் தாண்டிய கண்ணுக்குத் தெரிந்தது பன்னிரண்டு வயதுக் கண்ணுக்குத் தெரியவில்லை. பாட்டியார் அவளுடைய முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எத்தனை மணிக்குப் போகணும் டீச்சர்?" என்று மட்டும் கேட்டார்.

போவதும் எளிதாக இருக்கவில்லை. தேசிய கண் வைத்தியசாலையில் பரிசோதனைக்குப் பணமில்லை. ஆனால் அதிகாலையிலே போய் வரிசையில் நிற்க வேண்டும். அன்றைக்கு இடியப்பம் அவிக்க முடியாது; அன்றைய வருமானம் இல்லை. தகப்பனார் போனாலோ அவருடைய நாட்கூலி இல்லை. ஏழை வீட்டுக்கு இலவச வைத்தியத்தின் விலை ஒரு நாட் சம்பளம் என்பதை நாம் மறந்துவிடலாகாது. எப்படியோ போய் வந்தார்கள். கண்ணாடிக்கான செலவை ஆசிரியைகள் சிலர் பகிர்ந்துகொண்டோம். கண்ணாடியோடு வகுப்புக்கு வந்த முதல் நாள் அவள் என்னிடம் வந்து, "டீச்சர், உங்க சேலையில பூ இருக்கு" என்றாள். அது வெறும் நீலம் என்றே அதுவரை நினைத்திருந்தாளாம்.

அவள் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்துவிட்டாள் என்று சொன்னால் அது கதையாகிவிடும். அப்படி நடக்கவில்லை. நடுத்தரமாகவே படித்தாள். ஆனால் வீட்டில் இருத்திவிடுவோம் என்ற பேச்சு அதோடு நின்றது. க. பொ. த. சாதாரண தரத்திற் கணிதத்திலும் சித்தியடைந்தாள். இப்போது ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். அந்தத் துண்டு சுவாமி படத்தின் பின்னாலேயே இருந்திருந்தால் அவளுடைய பெயரோடு ஒட்டியிருந்த "மந்தம்" என்ற சொல்லும் அவளோடு கடைசி வரை இருந்திருக்கும்.

உடலின் குறையைப் பிள்ளையின் குணமென்று கருதுவது நம்மவரிடம் மட்டும் உள்ள வழக்கமன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே ஏழை மக்களைச் சோம்பேறிகள் என்று நெடுங்காலம் இகழ்ந்து வந்தார்கள். வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே புகுந்து, குடலிலே ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப் புழுவே அந்தச் சோம்பலுக்குப் பெரியதொரு காரணம் என்பது பின்னர் தெரிய வந்தது. றொக்பெல்லரின் நிதியில் இயங்கிய அமைப்பினர் அங்கு 1909 இல் அதற்கெதிரான இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1916 இல் இலங்கைக்கும் வந்து, தோட்டப் பகுதிகளில் அப்பணியைத் தொடங்கினார்கள். அவர்களுடைய உதவியோடு 1926 இற் களுத்துறையிலே இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்தது. நோய் வந்தவன் ஆஸ்பத்திரியைத் தேடிப் போவதற்கு முன்னால், சுகாதார ஊழியர் வீட்டையும் பாடசாலையையும் தேடி வருவது என்ற முறை அங்கிருந்தே வேரூன்றியது. இன்று நாடெங்குமுள்ள சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் அந்த மரத்தின் கிளைகளே.

குறையைக் கண்டுபிடிப்பது வேறு, அதைத் தீர்ப்பது வேறு என்ற பாடத்தையும் உலகம் முன்பே படித்திருக்கிறது. 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்துக்கு ஆள் சேர்த்தபோது, உடற்குறையினால் ஏராளமான இளைஞர்களைத் திருப்பியனுப்ப வேண்டியிருந்தது கண்டு பிரித்தானிய அரசு திடுக்கிட்டது. 1906 இற் பாடசாலை உணவுக்கும், 1907 இற் பாடசாலை வைத்திய பரிசோதனைக்கும் சட்டம் செய்தார்கள். பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள், குறைகளை எழுதினார்கள், பெற்றோருக்கு அறிவித்தார்கள். ஆனால் சிகிச்சைக்குப் பணமில்லாத பெற்றோர் என்ன செய்வார்கள்? அறிவித்தலோடு விஷயம் நின்றது. ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை வசதியும் செய்து கொடுப்பது உள்ளூர்க் கல்விச் சபைகளின் கடமை என்று 1918 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த பின்னரே அந்தக் குறை நீங்கத் தொடங்கியது.

நம் நாட்டிலே கன்னங்கரா அவர்களின் முயற்சியினால் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. பசித்த வயிற்றோடு வரும் பிள்ளைக்கு இலவசக் கல்வியால் ஆவதென்ன என்ற எண்ணத்தாற் பாடசாலைகளில் மதிய உணவும் வழங்கப்பட்டு வந்தது. 1953 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திய அரசாங்கம், அதே கையோடு பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12 ஆம் தேதி நாடே ஸ்தம்பித்த ஹர்த்தால் நடந்தது. ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். பிள்ளையின் சோற்றுக் கோப்பை சிறியதுதான்; அதிற் கை வைத்த அரசுக்கு அதன் கனம் பின்னரே தெரிந்தது. கடலுக்கு அப்பால், காமராஜர் 1956 இல் தமிழ்நாட்டிலே தொடங்கிய மதிய உணவுத் திட்டம், 1982 இல் எம். ஜி. இராமச்சந்திரன் காலத்திற் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 இற் காலை உணவும் சேர்ந்தது. அதே 2022 இல் இலங்கையில் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியின்போது, காலையுணவின்றி வந்த பிள்ளைகள் பாடசாலையில் மயங்கி விழுந்த செய்திகளைப் பத்திரிகைகளில் வாசித்தோம். 2024 மார்ச் மாதம், அரசினர் பாடசாலைகளில் 1 ஆம் தரம் முதல் 5 ஆம் தரம் வரையுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் உணவு வழங்கும் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. நல்ல காரியந்தான். ஆனால் 6 ஆம் தரத்துப் பிள்ளைக்கும் பசி உண்டென்பதைத் தாய்மார் மறக்கலாகாது. வளரிளம் பருவத்துப் பெண் பிள்ளைக்கு ஒரு கோப்பை தேத்தண்ணீரும் இரண்டு பிஸ்கட்டும் காலையுணவாகா.

கொட்டாஞ்சேனையை விட்டு வெள்ளவத்தைக்கு வருவோம். எங்கள் மாடி வீட்டுத் தொகுதியிலே 4 ஆம் தரத்திற் படிக்கும் சிறுவன் ஒருவன் இருக்கிறான். பண்பான குடும்பம், படித்த பெற்றோர். அவனுக்கும் ஒரு துண்டு வந்தது. உயரத்துக்கு ஏற்றதைவிட நிறை மிக அதிகம். உணவிலும் விளையாட்டிலும் கவனம் வேண்டும் என்று அதில் இருந்தது. தாயார் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். தகப்பனாரோ சிரித்துக்கொண்டு, "வளருற பிள்ளை, நல்லாச் சாப்பிடுது, அதுக்கும் ஒரு துண்டோ ரீச்சர்? அடுத்த வருஷம் ஸ்கொலர்ஷிப் முடியட்டும்; பிறகு ஓடி விளையாடட்டும்" என்றார். பாடசாலை விட்டதும் ஒரு வகுப்பு, மாலையில் இன்னொரு வகுப்பு, இடையிலே ஒரு போத்தல் சோடாவும் ஒரு ரோல்ஸும். இரவு எட்டு மணிக்கு வீடு. அந்தப் பிள்ளையின் காலில் மண் பட்டு எத்தனை நாளாயிற்றோ!

புலமைப்பரிசில் பரீட்சையைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஏழைப் பிள்ளைக்கும் நல்ல பாடசாலையின் கதவைத் திறந்துவிட ஏற்பட்ட வழி அது. அந்த வழியிலே பிள்ளையை நடத்திச் செல்ல வேண்டுமேயன்றி, உட்கார வைத்துத் தூக்கிச் செல்லக் கூடாது. 5 வயது முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடல் வருந்த ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெளியிலே விளையாடுவதாற் கண்ணுக்கும் நன்மையுண்டு. படிப்பில் நமக்குச் சளைக்காத தாய்வான் நாட்டிலே, ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 120 நிமிடம் வெளி வெளிச்சத்தில் இருக்க வேண்டும் என்ற திட்டத்தை 2010 இற் கொண்டுவந்தார்கள். பார்வை குறைந்த பிள்ளைகளின் தொகை அங்கே ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போயிருந்தது. 2012 இல் நூற்றுக்கு 49.4 ஆக இருந்த அது 2015 இல் 46.1 ஆகக் குறைந்தது. சிறிய இறக்கந்தான், ஆயினும் ஏறிக்கொண்டே போன ஒன்று இறங்கத் தொடங்கியது. மருந்தில்லை, செலவில்லை, சூரிய வெளிச்சம் ஒன்றே போதியதாயிற்று. நமக்கோ அது ஆண்டு முழுவதும் வாசலிற் காத்து நிற்கிறது.

சோடாப் போத்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 ஆகஸ்ட் 1 ஆம் தேதி முதல் இந்நாட்டிலே குளிர்பானப் போத்தல்களிற் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி இட வேண்டும் என்று சட்டம் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனி இருந்தாற் சிவப்பு. 2 கிராமுக்குக் குறைந்தாற் பச்சை. இடைப்பட்டது மஞ்சள் என்று அன்று வகுத்தார்கள். சிவப்பின் எல்லையிலுள்ள 400 மில்லிலீற்றர்ப் போத்தலொன்றைக் கணக்குப் பார்த்தால் 44 கிராம் சீனி. ஒரு தேக்கரண்டிக்கு 4 கிராம் என்றால் பதினொரு தேக்கரண்டி. தேத்தண்ணீரில் மூன்று கரண்டி சீனி போட்டாலே முகத்தைச் சுளிக்கும் நாம், பதினொன்றைப் பிள்ளையின் கையிற் காசு கொடுத்து வாங்கிக் கொடுக்கிறோம். அச்சிறுவனின் தகப்பனாருக்கு இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டினேன். அவர் கணக்காளர், கணக்குக்குக் கட்டுப்பட்டார். ஒரு வகுப்பைக் குறைத்தார்கள். இப்போது தகப்பனும் மகனும் மாலையில் மரீன் டிரைவ் ஓரமாக நடந்து போவதைச் சில நாட்களிற் காண்கிறேன். எல்லா நாளும் அல்ல, சில நாட்களில்.

பாருங்கள், இரு துண்டுகளும் இரு வேறு வீடுகளிலே சிக்கிக்கொண்டன. ஒரு வீட்டில் வறுமையும் அச்சமும் அதைத் தடுத்தன. மற்ற வீட்டிற் பரீட்சையும் பெருமிதமும் தடுத்தன. விதி இரண்டு இடத்திலும் தன் கடமையைச் செய்தது. முடிவு மட்டும் வீட்டாரின் கையில் இருந்தது.

ஆகையால் அதிகாரிகளிடமும் அதிபர்களிடமும் சில வேண்டுகோள்கள் உண்டு. துண்டைப் பெற்றோர் வாசிக்கக்கூடிய மொழியிலே எழுதுங்கள். தமிழ்ப் பிள்ளையின் வீட்டுக்குப் போகும் துண்டிலே, "பிள்ளைக்குத் தூரத்திலுள்ளது தெரியவில்லை, கண்ணாடி போட்டாற் சரியாகும்" என்ற ஒரு தமிழ் வசனம் இருந்திருந்தால் அந்தப் பாட்டியார் ஒரு மாதம் அதைப் படத்தின் பின்னால் வைத்திருக்க மாட்டார். கொடுத்த துண்டுகளையும் திரும்பி வந்த பதில்களையும் வகுப்பாசிரியர் ஒரு கொப்பியில் பதிந்துவரட்டும். மாதமொருமுறை அதிபர் அதைப் பார்க்கட்டும். கூலிவேலை செய்யும் பெற்றோர் வரக்கூடியதாகப் பிற்பகலிலோ சனிக்கிழமையிலோ பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று ஒரு நேரத்தை வைத்தியசாலைகள் ஒதுக்குமானால் அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. கழிவறையும் தண்ணீரும் சரியாக உள்ளனவா என்றும் பாருங்கள். கழிவறைக்கு அஞ்சிக் காலை முதல் பிற்பகல் வரை ஒரு மிடறு தண்ணீர் குடியாமலிருக்கும் பெண் பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களுக்கு வரும் தலைவலிக்கும் சிறுநீர் எரிச்சலுக்கும் எந்த மாத்திரையும் முழு மருந்தாகாது.

தாய்மாரிடம் சொல்லக்கூடியது இதுதான். உங்கள் பிள்ளை 1, 4, 7, 10 ஆகிய தரங்களில் இருந்தால், பரிசோதனை எப்போது என்று நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அன்று முடிந்தால் நீங்களும் போய் நில்லுங்கள். துண்டு வந்தால் ஒரு வாரத்துக்குள் அதற்குரிய இடத்துக்குப் போய்விடுங்கள். விளங்காவிட்டால் வகுப்பாசிரியரையோ, உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரையோ கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. தடுப்பூசிக்குச் சம்மதம் கேட்டு வரும் துண்டையும், அயலார் சொன்ன கதையைக் கேட்டு மறுத்துவிடாமல், வைத்தியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். பிள்ளை பிறந்தபோது கொடுத்த வளர்ச்சிப் பதிவேட்டைப் பலர் ஐந்து வயதோடு அலுமாரியிற் பூட்டிவிடுகிறார்கள். துண்டுகளையும் அதற்குள்ளேயே வைத்து வந்தால் பிள்ளையின் உடற்கதை முழுவதும் ஒரே இடத்தில் இருக்கும். கண்ணாடி போட்ட பெண்ணை யார் மணப்பார் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பார்வை தெளிந்து, படித்து, தன் காலில் நிற்கும் பெண்ணுக்கு அந்தக் கேள்வியே பாதி பாரம் குறைந்துவிடுகிறது.

மாணவ மாணவியருக்கும் ஒரு சொல். நிறை பார்த்த அன்று நண்பர்கள் சிரித்தார்கள் என்றோ, பல்லைக் கழற்றுவார்கள் என்ற பயத்தினாலோ, வீட்டிற் செலவு வரும் என்ற இரக்கத்தினாலோ துண்டை ஒளித்து வைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அது தண்டனைக் கடிதமன்று. தேர்ச்சி அறிக்கையைவிட முக்கியமான கடிதம் அது. தேர்ச்சி அறிக்கை நீங்கள் எவ்வளவு படித்தீர்கள் என்று சொல்லும்; இதுவோ நீங்கள் படிப்பதற்குத் தடையாயிருப்பது எது என்று சொல்லும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகையை மடித்து வைத்த பின் பிள்ளையின் புத்தகப் பையை ஒரு முறை கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். பென்சிற் சீவலும் உடைந்த அழிறப்பரும் பாண் துணுக்கும் விழும். அவற்றோடு நாலாக மடிந்த காகிதம் ஒன்றும் விழுந்தால், அதை விரித்து வாசியுங்கள்.